கரிசற் சீமையும் கடற்பாதையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பாதையில், கோடைக்காலத்து நடுப்பகலில் நின்று நாற்புறமும் பார்க்கிறவனுக்கு, வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணும், கருவேல முட்காடும், ஒற்றை ஒற்றையாக நிற்கும் பனைகளும், நீர் வற்றிப்போய் ஆடுமாடு மேய்கிற கண்மாய்களுமே கண்ணில் படும். இந்தச் சீமைக்கும் சமுத்திரத்துக்கும் ஏதோ சம்பந்தம் உண்டென்று யாரேனும் சொன்னால் அவன் நம்பமாட்டான். ஆயினும், திருச்சுழியை ஒட்டிப் போகிற குண்டாறு, கமுதி வழியாகத் தென்கிழக்கே சென்று மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் நீருக்குப் பதிலாக மணலே தெரிகிறதென்பது வேறு விஷயம். திருச்சுழியின் ஸ்தல புராணம் இவ்வாற்றைக் கௌண்டின்ய நதி என்று போற்றுகிறது. பிரளய வெள்ளம் ஊரைச் சூழ்ந்த காலத்தில் அவ்வூர்ச் சிவபெருமானாகிய பூமிநாத சுவாமி தம் சூலத்தால் நிலத்தைக் குத்த, வெள்ளம் முழுவதும் சுழித்துக்கொண்டு பாதாளத்துக்குள் இறங்கிற்று என்பதும் அப்புராணத்தின் கூற்றே. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீருக்குக் காத்திருக்கும் ஓர் ஊருக்கு, வெள்ளத்தை விரட்டிய கதையே ஸ்தல மகிமையாக வாய்த்தது விசித்திரந்தான்.

ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டது புராணத்து வெள்ளமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அலையோசையைப் பிறந்தது முதல் கேட்டிராத இச்சீமையின் குடியானவர்களும் கூலிக்காரர்களும், பெண்டு பிள்ளைகளோடும் ஒரு சோற்றுப்பானையோடும் ஓலைப்பாய்ச் சுருளோடும் நடந்து, பாம்பனுக்கும் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் போய், அங்கே நின்ற சிறு தோணிகளில் ஏறி இலங்கைக்குக் கடந்தார்களே, அந்த மெய்யான கடலைப் பற்றியே சொல்ல வந்தேன். அந்தப் பிரயாணத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் துன்பங்களை விரிவாக எழுதிவிட்டுக் கடலை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ, பிற்காலத்துத் துன்பத்தின் சூத்திரம் முழுவதும் அந்தத் தோணியிலேயே அடங்கியிருந்ததென்று தோன்றுகிறது.

இச்சீமையார் வானம் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். மானாவாரி வெள்ளாமைக்காரனுக்கு வானம் பார்ப்பதே வித்தை. புரட்டாசியில் ஒரு மழை பெய்தவுடனே விதையை இறைத்துவிட்டால், அடுத்த மழை பிந்தினால் முளைத்ததெல்லாம் கருகிப்போகும். இன்னொரு மழை பெய்யட்டும் என்று மிகவும் பொறுத்தால் பட்டம் தப்பிப் பருத்தி காய்க்காது. மண்ணைக் கையிலெடுத்துப் பிடித்துப் பார்த்து, ஈரம் எத்தனை விரல் இறங்கியிருக்கிறதென்று கண்டு, கீழ்வானத்து மின்னலை இரண்டு மூன்று இரவுகள் கவனித்து, ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று விதைக்கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனை ஊரார் கெட்டிக்காரன் என்றே மதித்தார்கள். அத்தகைய பொறுமையும் நிதானமும் உடைய ஒருவன், கடற்கரையை அடைந்த மாத்திரத்தில் தன் உயிர் சம்பந்தமான தீர்மானத்தில் வாய் திறக்க உரிமையற்றவனாகிப் போனான். அவனுக்குக் கடல் தெரியாது என்பது ஒரு காரணம். அவன் கடன்பட்டிருந்தான் என்பது அதைக் காட்டிலும் பெரிய காரணம்.

1830களிலிருந்து இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. இந்தியாவிலிருந்து கூலிகள் வெளிநாடு போவதற்கு அக்காலத்தில் விதிக்கப்பட்டிருந்த தடையினின்றும் இலங்கையை மட்டும் 1847ஆம் ஆண்டின் சட்டம் விலக்கி வைத்தது; ஆகவே, மொரீஷியஸுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போன கப்பல்களின்மீது சர்க்கார் செலுத்திய கொஞ்சநஞ்சக் கண்காணிப்பும் பாக் ஜலசந்தியின் தோணிகளுக்கு இல்லாமற்போயிற்று. ஆள் சேர்த்தவன் கங்காணி. அவன் அந்நியனல்லன், பெரும்பாலும் அதே ஊரான், அதே உறவுமுறையான், மாமன் என்றோ சித்தப்பா என்றோ அழைக்கத் தகுந்தவன். பழைய கடனைத் தீர்ப்பதற்கும் வழிச் செலவுக்குமாக அவன் கொடுத்த முன்பணம் ஒவ்வொருவர் பெயரிலும் பற்றாக ஏறிற்று. தோட்டத்தில் வேலைக்கு இறங்கும் ஆட்களின் தொகைக்குத் தக்கபடி அவனுக்குத் தலைக்காசு வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடற்கரையைப் பார்க்க வேண்டும். காற்று சரியில்லையென்று மூன்று நாள் தோணி நின்றால், அந்த மூன்று நாளைச் சோறும் கூலிக்காரன் கணக்கில் கடனாயிற்று. கங்காணிக்கோ தலைக்காசு நஷ்டம். தோணிக்காரனுக்குச் சத்தம் (தோணிக்கூலி) குறைவு. காத்திருப்பதனால் லாபமடைகிறவர் அந்தக் கரையில் ஒருவரும் இல்லை.

இனி, அந்தக் கடலின் குணத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி முனைக்கு வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் அவ்விடத்துப் பரதவர் சொல்லுவார்கள். பெண் கடல் ஆழமற்றது. அதன் அமைதியைக் கண்டு ஏமாந்தவர்கள் பலர். ஆழங்குறைந்த நீரில் காற்று கிளம்பினால் அலைகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்று நெருங்கியெழும். நடுக்கடலின் நீண்ட அலைமீது ஏறி இறங்குகிற படகு, இந்தக் குட்டை அலையில் மூக்கைக் குத்திக்கொள்ளும். இரண்டு கடலுக்கும் இடையே ஆதிசேது என்று வழங்கும் மணல் திட்டுகள் தலைமன்னார் வரையில், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தூரம், இடம் மாறி மாறிக் கிடக்கின்றன. போன வருஷம் தோணி போன வாய்க்கால் இவ்வருஷம் மேடாயிருக்கும். வைகாசி முதல் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசிக்குமேல் வாடை வரும். புயல்களும் அந்தப் பருவத்திலேதான். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் காற்று அடங்கிக் கடல் இளகியிருக்கும் நாட்களே சிறு தோணிக்கு உகந்தவை. காப்பிச் செடிக்கு இந்தப் பஞ்சாங்கம் தெரியாது. பழம் பறிக்கும் பருவம் ஆவணியை ஒட்டித் தொடங்கி ஐப்பசி கார்த்திகை வரையில் நீடித்தபடியால், ஆட்கள் போக வேண்டியது கச்சான் மும்முரத்திலும், தைமாத அறுப்புக்கு ஊர் திரும்ப வேண்டியது வாடையிலுமாக அமைந்தது. கடலுக்கு ஆகாத மாதங்களிலே கடலைக் கடக்கும்படி ஒரு வியாபாரம் லட்சக்கணக்கான ஜனங்களை ஏவிற்று என்று சொன்னால் அது மிகையாகாது.

தோணியை நடத்துகிற தலைவனுக்குத் தண்டையல் என்று பெயர். கடற்கரையில் அவன் வித்தையைக் கண்டவர்கள் அதை லேசாக எண்ணமாட்டார்கள். விடியற்காலத்துக்கு முன்பே எழுந்து மணலில் நின்று, முகத்தின் எந்தப் பக்கத்தில் காற்றுக் குளிர்கிறதென்று பார்ப்பான். இடுப்பளவு நீரில் இறங்கி நின்று, நீவாடு என்னும் நீரோட்டம் எந்தத் திசைக்கு இழுக்கிறது, நேற்றைக்கு இன்று வேகம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று காலால் அறிவான். காற்று ஒரு புறமும் நீவாடு எதிர்ப்புறமுமாக மோதுகிற நாளில் கடல் ‘கிளம்பும்’ என்பது அவன் அனுபவம். மேற்கே மேகம் அடிக்கறுத்து விளிம்பு வெளுத்து வந்தால், அதற்கு முன்னால் ஓடிவரும் காற்று எத்தனை நாழிகையில் எட்டும் என்பதற்கு அவனிடம் ஒரு கணக்கு உண்டு. பாயின் கீழ் மூலையிலே கட்டிய தாமான் கயிற்றை அவன் மரத்தோடு இறுக முடிச்சிட்டு வைப்பதில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையிலோ காலடியிலோ வைத்திருப்பான். திடீர்க் காற்று பாயில் அறைகிறபோது அந்தச் சுற்றை விட்டுவிட்டால் பாய் படபடத்துக் காற்றைக் கொட்டிவிடும், தோணி நிமிரும். கயிறு சிக்கி நாலு நொடி தாமதித்தால் தோணி பக்கவாட்டில் சாய்ந்து நீரை மொண்டுவிடும். சிறு தோணியில் உயிரும் சாவும் இந்த நாலு நொடியில் இருக்கின்றன.

இப்போது அந்தத் தோணியில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிப் பாருங்கள். கரையோரம் ஆழமற்றதாகையால் தோணி தள்ளி நிற்கும். ஆண்கள் மார்பளவு நீரில் குழந்தைகளைத் தோளில் வைத்து நடப்பார்கள், பெண்கள் சேலையை வரிந்துகொண்டு விளிம்பைப் பற்றி ஏறுவார்கள். அடியில் நீரும் மணலுமாகக் கிடக்கும் இடத்தில் முதலில் வந்தவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார, பின்னே வந்தவர்கள் அவர்கள் மடியிலும் மூட்டைகளின் மீதும் உட்காருவார்கள். விளிம்புக்கும் கடலுக்கும் இடையே ஒரு முழம் இருந்தது ஒரு சாணாகும். தண்டையலின் தாமான் கயிறு யாரோ ஒருத்தியின் சோற்றுப்பானைக்கு அடியில் போய்விடும். பனையோலைப் பட்டையால் நீரிறைக்க வேண்டிய பையனுக்குக் கை நீட்ட இடமிருக்காது. முதல் அலை தெறித்ததும், கடல் காணாத ஜனங்களாகையால், நனைகிற பக்கத்தை விட்டு எல்லாரும் மறுபக்கத்துக்குச் சாய்வார்கள். தோணியைக் கவிழ்ப்பதற்கு அதற்குமேல் காற்று வேண்டியதில்லை. தண்டையலுக்கு இவையெல்லாம் தெரியாமலில்லை. தெரிந்தே பாய் விரித்தான். ஏனெனில் தோணி அவனுடையதன்று, சத்தமோ முன்கூட்டியே பேசி முடிந்தது, கங்காணி கரையில் நின்று அவசரப்படுத்துகிறான். துணிச்சல் என்று நாம் சாதாரணமாகப் பேசுகிற குணத்துக்கும் இந்த மூடத்தனத்துக்கும் யாதொரு உறவுமில்லை. இது கணக்குப் புத்தகத்தில் பிறந்த மூடத்தனம்.

இப்படிப் போன எல்லாத் தோணிகளின் பெயரும் ஏட்டில் ஏறவில்லை. ஏறியவற்றுள் மலையக மக்களின் நினைவில் அழியாமல் நிற்பது ‘ஆதிலட்சுமி’. 1864ஆம் ஆண்டில் தொழிலாளர் நூற்றிருபது பேருடன் அது மூழ்கியதாக மலையக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இன்றைக்கும் அங்குள்ளோர் தம் முன்னோரின் வருகையை நினைவுகூரும்போது அந்தப் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. மகாலட்சுமியின் திருநாமத்தைச் சூட்டிய கப்பலில் ஏறியவர்கள் கைப்பிடி அரிசிக்காகப் புறப்பட்டவர்கள் என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

இங்கிலாந்திலே இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்பு சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவர், அளவுக்குமேல் பாரம் ஏற்றிய பழங்கப்பல்களை இன்ஷூரன்ஸ் பணத்தை நம்பிக் கடலுக்கு அனுப்பும் முதலாளிகளுக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அதன் பயனாக 1876ஆம் ஆண்டின் சட்டம், ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் பாரக்கோடு ஒன்று தீட்டப்பட வேண்டுமென்று விதித்தது. தண்ணீர் அந்தக் கோட்டை மூடினால் கப்பல் புறப்படலாகாது என்பது அதன் தாத்பரியம். நியாயமான காரியம், இன்றும் உலகத்துக் கப்பல்களில் அந்தக் கோட்டைக் காணலாம். ஆனால் அதே 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் நம் நாட்டை வாட்டியபோது, 1877ஆம் ஆண்டில் மாத்திரம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக்குக் கடந்தார்கள். அவர்கள் ஏறிய தோணிகளின் பக்கத்தில் கோடு தீட்ட யாரும் இல்லை. அவ்வாறு ஜனங்கள் வீடுகளை அடைத்துவிட்டுப் போன ஊர்களில் திருச்சுழிப் பக்கத்து ஊர்களும் உண்டு. இவ்வூரின் பெயரைப் பிற்காலத்தில் உலகறியச் செய்த ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30இல் இங்கே பிறந்தபோது, அந்தப் பஞ்சத்தின் வடு ஆறாமலே இருந்தது.

கடலைக் கடந்தவர்கள் பேசாலையிலும் வங்காலையிலும் அரிப்பிலும் கரையேறி, மன்னாரிலிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரையில் நடந்த வடக்குப் பாதையின் கதை தனிக்கதை. காலராவும் காய்ச்சலும் தாகமும் அங்கே எத்தனையோ பேரை வாங்கிக்கொண்டன. அதை இங்கே விரிக்கவில்லை.

கடற்பாதையைச் சீர்திருத்தும் முயற்சிகள் நடக்காமலில்லை. பிற்காலத்தில் கோதாவரி அணையால் பேர்பெற்ற ஆர்தர் காட்டன், இளைஞராயிருந்த 1822இலேயே பாம்பன் கால்வாயை அளந்து பார்த்தார். பின்பு அது படிப்படியாக ஆழமாக்கப்பட்டது. அதனால் நன்மையடைந்தவை கரையோரக் கப்பல்கள். கூலித் தோணிகளின் நிலை மாறவில்லை. மெய்யான மாறுதல் 1914இல் வந்தது. பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது; தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ‘கர்ஸன்’, ‘எல்ஜின்’, ‘ஹார்டிஞ்ச்’ என்ற நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறினவன் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்டில் போகலாயிற்று. இலங்கை சர்க்காரின் முகாம் மண்டபத்திலும், தூத்துக்குடி வழியே போகிறவர்களுக்குத் தட்டப்பாறையிலும் அமைந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து போன ஆள் அங்கே சில நாள் தங்கி, மருந்துக் குளியல் குளித்து, அம்மைகுத்திக்கொண்டு, கழுத்தில் தகர வில்லை ஒன்றைக் கட்டிக்கொண்டு கப்பலேறினான். மனிதனை மூட்டையாக எண்ணிய ஏற்பாடு அது; அதைப் புகழ எனக்கு மனமில்லை. எனினும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: கப்பல் எத்தனை பேரைக் கொள்ளும், எந்தக் காற்றில் புறப்படலாம் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் முன்பணம் கொடுத்தவன் கையிலிருந்து நழுவி, மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிற மாலுமியின் கைக்குப் போயிற்று. புறப்படாமலிருந்தாலும் அவன் சம்பளம் அவனுக்கு உண்டு. கூலிக்காரன் பிழைத்ததற்குப் பெருங்காரணம் நீராவி என்று நினைப்பதைக் காட்டிலும், இந்தச் சம்பளம் என்று நினைப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் ரயில், கப்பல்களின் கால அட்டவணைக்கும் ஒரு மூர்க்கம் உண்டு என்பதை 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு காட்டிற்று. பாம்பனிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு புறப்பட்ட பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி விளக்கு எரியாமையால் நின்றது. சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, ஊதிக்கொண்டு மேலே சென்றது என்பார்கள். புயல் எழுப்பிய கடல் அதைப் பாதையோடு வாரிக்கொண்டது. தனுஷ்கோடி ஊரும் துறைமுகமும் அந்த இரவோடு முடிந்தன. அவ்வருஷம் அக்டோபர் 30இல்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்வதென்று முடிவு செய்திருந்தது. பஞ்சத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய ‘இராமானுஜம்’ கப்பலில், பித்தளைப் பாத்திரங்களையும் தகரப் பெட்டிகளையும் அடுக்கிக்கொண்டு, கண்டிராத சொந்த ஊர்களுக்கு வந்திறங்கினார்கள்.

அதற்குப் பின்பும் சிறு படகின் கதை ஓயவில்லை. 1983க்குப் பிறகு இலங்கையின் வடபகுதியிலிருந்து யுத்தத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் ஏறியது, பழைய தோணிக்குப் பதிலாக இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு; ஆனால் நெருக்கடியும், முன்கூட்டிக் கொடுத்த பணமும், இரவில் அவசரமாகத் தள்ளிய புறப்பாடும் பழையனவே. படகுக்காரர் சிலர் கரைவரை வரத் துணியாமல் ஆதிசேதுவின் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். கூலிகள் தங்கியிருந்த அதே மண்டபம் முகாமே அகதிகளுக்கும் முகாமாயிற்று. அங்கிருந்து பிரித்தனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இடம் கிடைத்தது அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குல்லூர்சந்தையில். மன்னார்க் கரையில் பிறந்து கடலோடு வளர்ந்தவர்கள், மழைக்கு வானத்தைப் பார்க்கும் கரிசல் வெளியில் வந்து குடிசை போட்டார்கள். 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, கைக்குழந்தையோடு கூடிய ஒரு குடும்பத்தாரைப் படகுக்காரர் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள திட்டில் விட்டுப்போக, கடலோரக் காவற்படையின் மிதவை ஊர்தி போய்த்தான் அவர்களைக் கரைசேர்த்தது.

2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் தொடங்கிவைக்கப்பட்டது. மேளதாளத்தோடு புறப்பட்ட அந்தக் கப்பலை, வாடைக்காலம் நெருங்குகிறதென்ற காரணத்தால் ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சேவை திரும்பத் தொடங்கியது அடுத்த வருஷம் ஆகஸ்டில். பத்திரிகைகளில் சிலர் அதைக் கேலியாக எழுதினால் எழுதட்டும். குளிர்சாதன வசதியும் இரும்பு உடலும் உயிர்காக்கும் அங்கிகளும் உள்ள ஒரு கப்பல், ஐப்பசியில் கரையோடு கட்டிக் கிடப்பதற்குச் சம்மதித்தது. அந்த மாதங்களில்தான் ஒரு காலத்தில் திருச்சுழிச் சீமையார் விளிம்பு நனையும் தோணிகளில் தைமாத அறுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.